மருந்தாளர் உரிமம்: பட்டம் வாங்கிய பிறகு காத்திருக்கும் ஓராண்டுப் பயிற்சி

பார்மசி படிப்பில் சேரும் பிள்ளை நான்கு ஆண்டுகளில் மருந்தாளர் ஆகிவிடும் என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. பட்டமளிப்பு விழாப் படம் வரவேற்பறையில் மாட்டப்பட்ட பிறகுதான், பிள்ளை இன்னும் மருந்தாளர் ஆகவில்லை என்பது வீட்டில் தெரிய வருகிறது. மலேசியச் சட்டப்படி பட்டம் என்பது பாதி வழிதான். பட்டதாரி முதலில் தற்காலிகப் பதிவு பெற வேண்டும். பிறகு, அங்கீகரிக்கப்பட்ட ஓர் இடத்தில், மேற்பார்வையின் கீழ், குறைந்தது ஓராண்டு வேலை செய்து பழக வேண்டும். சட்டத் தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகே முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும்.

இந்த ஓராண்டை வெறும் சடங்காக நினைப்பவர்கள் பின்னால் சிரமப்படுகிறார்கள். முன்கூட்டியே திட்டமிடும் குடும்பங்களுக்குக் காத்திருப்பும் கடனும் பாரமாகத் தெரிவதில்லை. தோட்டப்புறங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் இந்தத் துறையை நோக்கிப் போகும் இந்திய மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

சட்டம் என்ன கேட்கிறது?

இந்தத் துறைக்கு அடித்தளமாக இருப்பது 1951ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டம். இது மலேசியச் சட்ட வரிசையில் 371ஆவது சட்டம். இதன் கீழ் இயங்குவதுதான் மருந்தாளர் வாரியம். மலாய் மொழியில் லெம்பாகா ஃபார்மசி மலேசியா. எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் செல்லும், எந்த இடத்தில் பயிற்சி பெறலாம், யாருக்கு முழுப் பதிவு தரலாம் என்பதையெல்லாம் இந்த வாரியமே முடிவு செய்கிறது.

பயிற்சி என்பது புதிதாக வந்த ஒன்றல்ல. முந்தைய தலைமுறை மருந்தாளர்களும் மூத்த மருந்தாளர் ஒருவரிடம் ஓராண்டு பழகிய பிறகே தொழிலுக்கு வந்தார்கள். 2003இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2004இல் நடைமுறைக்கு வந்தபோது இரண்டு மாற்றங்கள் ஏற்பட்டன. முதலாவது, பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்குத் தற்காலிகப் பதிவு என்ற தனி நிலை உருவானது. பி.ஆர்.பி. என்று மருத்துவமனைகளில் அழைக்கப்படுபவர்கள் இவர்களே. இரண்டாவது, முழுப் பதிவு பெற்ற பிறகு அரசாங்கத்தில் கட்டாயச் சேவை செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. தொடக்கத்தில் 3 ஆண்டுகளாக இருந்த அந்தச் சேவை பின்னர் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது.

தற்காலிகப் பதிவு என்பது பயிற்சிக்காக மட்டும் தரப்படும் அனுமதி. அதை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் சொந்தமாக மருந்தகம் நடத்த முடியாது. விடுமுறை நாளில் இன்னொரு கடையில் மருந்தாளராக நின்று சம்பாதிக்கவும் முடியாது. பதிவு கிடைப்பதற்கு முன் செய்த வேலையும், மாணவராக இருந்தபோது செய்த தொழில் பயிற்சியும் இந்த ஓராண்டுக் கணக்கில் சேராது.

ஏன் இந்த ஓராண்டு?

இதற்குப் பதில் ஒரு சிறிய கணக்கில் இருக்கிறது. குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமோல் சிரப் இந்நாட்டில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்ற வலுவிலும், 250 மில்லிகிராம் என்ற வலுவிலும் கிடைக்கிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் தேவை. முதல் போத்தல் என்றால் 7.5 மில்லிலிட்டர். இரண்டாவது போத்தல் என்றால் 3.6 மில்லிலிட்டர் மட்டுமே. பழைய நினைவில் இரண்டாவது போத்தலிலிருந்தும் 7.5 மில்லிலிட்டர் ஊற்றிக் கொடுத்தால், குழந்தையின் வயிற்றுக்குள் போவது 375 மில்லிகிராம். தேவையைவிட இருமடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கு எந்த மாணவருக்கும் தெரியும். ஆனால், கூடத்தில் நூறு பேர் எண் அட்டையோடு காத்திருக்க, தாய் அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவசரப்படும்போது, போத்தலின் வலுவைப் பார்த்து, எடையைக் கேட்டு, வீட்டில் ஏற்கெனவே வேறு சிரப் இருக்கிறதா என்று விசாரித்துக் கொடுப்பது வேறு கலை. அது முகப்பில் நின்றால்தான் வரும்.

இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்குத் தரப்படும் இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது தடைபட்டு உயிருக்கே ஆபத்து வரும். இந்தத் தவறால் உலகின் பல நாடுகளில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். மருந்துச் சீட்டில் வாரம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்தக் கிழமை என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்புவதுதான் மருந்தாளரின் வேலை. பயிற்சி ஆண்டு இந்தப் பழக்கத்தைத்தான் உருவாக்குகிறது.

தோட்டப்புற மக்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஒருவரே நோயைப் பார்த்து, மருந்தைக் கலந்து, புட்டியில் ஊற்றியும் கொடுத்தார். அவர்களை முறைப்படுத்த 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் என்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இன்று தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் தனியார் கிளினிக்கில் டாக்டரிடமே மருந்து வாங்குகின்றன. அல்லது அரசாங்க கிளினிக்கின் முகப்பில் வாங்குகின்றன. மருந்தைப் பற்றி மட்டுமே படித்த ஒருவரைப் பலர் சந்திப்பது அந்த அரசாங்க முகப்பில்தான். அங்கே நிற்பவர் பல நேரங்களில் ஒரு பயிற்சியாளர்.

டிப்ளோமாவா, பட்டமா?

சேரும்போதே தெளிவாக வேண்டிய விஷயம் இது. பார்மசி டிப்ளோமா வேறு, பார்மசி இளங்கலைப் பட்டம் வேறு. டிப்ளோமா முடித்தவர் மருந்தாளரின் உதவியாளராகப் பணியாற்றலாம். அரசாங்கத்தில் அந்தப் பதவியின் பெயர் பெனோலோங் பெகாவாய் ஃபார்மசி. அது மதிப்புள்ள வேலைதான். முகப்பும் மருந்துக் கிடங்கும் அவர்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு தற்காலிகப் பதிவு பெற முடியாது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மருந்தாளர் உரிமம் கிடைக்காது. டிப்ளோமா முடித்தவர் மருந்தாளராக விரும்பினால் பட்டப்படிப்பில் சேர்ந்தே ஆக வேண்டும். விளம்பரத்தில் பார்மசி என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுவதற்கு முன், கையில் கிடைக்கப்போவது எந்தச் சான்றிதழ் என்று கேட்பது பெற்றோரின் முதல் கடமை.

பட்டப்படிப்பிலும் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பட்டம் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? உள்நாட்டில் முதலில் பார்மசி பட்டம் கற்பிக்கத் தொடங்கியது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், ஆண்டு 1972. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும், கெடா, பீடோங்கிலுள்ள ஏய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களிலும் இந்தப் படிப்பு வந்தது. இந்தியா போன்ற வெளிநாடுகளில் படிக்க நினைப்பவர்கள், அந்த நாட்டில் அந்தக் கல்லூரி புகழ்பெற்றது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தக் குறிப்பிட்ட கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட பட்டத்தை மலேசிய வாரியம் ஏற்கிறதா என்பதே கேள்வி. முகவர் சொல்வதை நம்பாமல், வாரியத்தின் பட்டியலை நேரடியாகப் பார்க்க வேண்டும்.

52 வாரங்களில் நடப்பது என்ன?

அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி பெறுபவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஓராண்டு முழுவதும் பிரிவு பிரிவாக மாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பிரிவிலும் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பயிற்சிப் பதிவேட்டில் பட்டியலிடப்பட்டிருக்கும்.

வெளிநோயாளி மருந்தகம்: மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பது, அளவு தவறாக இருந்தால் எழுதிய டாக்டரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது, மருந்தை எடுப்பது, லேபல் ஒட்டுவது, கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை பார்ப்பது, நோயாளியின் பெயரையும் அடையாளக் கார்டையும் ஒப்பிடுவது. ஒரே மாதிரி பெயர் கொண்ட மருந்துகளும், ஒரே நிறப் பெட்டியில் வரும் மருந்துகளும் இங்கேதான் பயிற்சியாளரைச் சோதிக்கும்.

உள்நோயாளி மருந்தகமும் வார்டும்: படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு அன்றன்று மருந்து அனுப்புவது; டாக்டர்களோடு வார்டைச் சுற்றிவருவது; நோயாளி வீட்டில் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று விசாரித்து எழுதுவது. வீடு திரும்பும் நோயாளிக்குப் பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று விளக்குவதும் இதில் அடங்கும்.

ரத்தத்தில் மருந்தின் அளவைக் கண்காணித்தல்: ஜென்டாமைசின், வான்கோமைசின், ஃபெனிடோயின் போன்ற மருந்துகளில் குறைந்தால் பயனில்லை, கூடினால் ஆபத்து. ஜென்டாமைசின் கூடினால் சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படலாம். ரத்தம் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதை வைத்து அடுத்த வேளைக்கான அளவைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

கிருமியற்ற அறைப் பணிகள்: வாய்வழி சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் ஊட்டச்சத்துக் கரைசலைத் தயாரிப்பது, புற்றுநோய் மருந்துகளைக் கலப்பது. உடை மாற்றுவது, கை கழுவுவது தொடங்கி ஒவ்வொரு படிக்கும் விதிமுறை உண்டு.

மருந்துத் தகவல் சேவை: டாக்டர்களும் தாதியரும் கேட்கும் கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் தேடித் தருவது. மருந்தால் ஏற்பட்ட பக்கவிளைவுகளை அரசாங்கத்துக்கு அறிக்கை செய்வதும் இங்கே கற்றுத் தரப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் மலேசியா 1990 முதல் உறுப்பு நாடாக இருக்கிறது.

கிடங்கு நிர்வாகம்: மருந்து வாங்குவது, குளிரில் வைக்க வேண்டியதைக் குளிரில் வைப்பது, காலாவதித் தேதி நெருங்கியதை முதலில் அனுப்புவது, பூட்டி வைக்க வேண்டிய மருந்துகளின் கணக்கை ஒன்றுவிடாமல் எழுதுவது.

மருந்து உட்கொள்ளல் ஆலோசனை கிளினிக்: இனிப்பு நீர், ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் இங்கே மருந்தாளரைத் தனியாகச் சந்திக்கிறார்கள். ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்ட வேண்டும், திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் ஆனால் உறைய விடக் கூடாது போன்றவற்றைப் பயிற்சியாளர் இங்கே செய்து காட்டிப் பழகுகிறார்.

தனியார் துறையிலும் பயிற்சி உண்டா?

உண்டு. முன்பு அரசாங்க மருத்துவமனைகளே பெரும்பாலும் பயிற்சி இடங்களாக இருந்தன. பட்டதாரிகள் பெருகிய பிறகு இந்த வாசல் அகலமாகத் திறக்கப்பட்டது. தனியார் மருத்துவமனை, பட்டணத்து மருந்தகம், மருந்துத் தயாரிப்பு நிறுவனம் ஆகியவற்றிலும் வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால் பயிற்சி பெறலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது அங்கீகாரம் என்ற சொல். கடை பெரியது, பல கிளைகள் உள்ளது என்பது அங்கீகாரம் ஆகாது. குறிப்பிட்ட அந்தக் கிளை பயிற்சி இடமாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும். மேற்பார்வை செய்ய அனுபவமுள்ள மருந்தாளர் அங்கே இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், பயிற்சிக்குப் பின் இத்தனை ஆண்டு அதே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளதா, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. கட்டாயச் சேவை தொடர்பான விதி தனியாரில் பயிற்சி பெறுபவருக்கு எப்படிப் பொருந்தும் என்பதையும் வாரியத்திடம் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எது சிறந்தது? ஆஸ்பத்திரியில் கடும் நோயாளிகளையும் ஊசி மருந்துகளையும் பார்க்கலாம். பட்டணத்து மருந்தகத்தில், டாக்டரைப் பார்க்காமல் நேராகக் கடைக்கு வரும் மக்களைப் பார்க்கலாம். இருமலுக்கு மருந்து கேட்பவரின் இருமல் எத்தனை வாரமாக இருக்கிறது என்று விசாரித்து, இது கடையில் தீரும் விஷயமல்ல, கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்லத் தெரிவதும் ஒரு திறமையே. தொழிற்சாலையில் மருந்து எப்படித் தயாராகி, சோதிக்கப்பட்டு, பதிவு எண் பெற்று வெளியே வருகிறது என்று பார்க்கலாம். பிற்காலத்தில் எந்தப் பக்கம் போக ஆசையோ அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பதே முறை.

பதிவேடும் தேர்வும்

பயிற்சியாளரின் கையிலுள்ள பதிவேடுதான் அவருக்குச் சாட்சி. எத்தனை மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்தார், எத்தனை நோயாளிகளுக்கு ஆலோசனை சொன்னார், எந்தத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டு, மேற்பார்வை மருந்தாளரின் கையெழுத்து பெற வேண்டும். ஒரு பிரிவு முடிந்து மூன்று மாதம் கழித்துக் கையெழுத்துக்கு அலைந்தால், அந்த மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போயிருக்கலாம். அன்றன்று எழுதி, அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

மதிப்பீடு திருப்தியாக இல்லாவிட்டால் பயிற்சிக் காலம் நீட்டிக்கப்படலாம். நீண்ட விடுப்பு எடுத்தாலும் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டிவரும். உடல்நலக் குறைவு, மகப்பேறு போன்ற காரணங்கள் இருந்தால் மறைக்காமல் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது நல்லது.

இதோடு, வாரியம் நடத்தும் சட்டத் தேர்விலும் தேற வேண்டும். 1951ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டம் தவிர, 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம், அதே ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டம், அபாயகர போதைப்பொருள் சட்டம், 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகள் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். பி பிரிவு மருந்தை டாக்டரின் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. சி பிரிவு மருந்தை மருந்தாளர் நேரடியாகக் கொடுக்கலாம், ஆனால் பதிவு செய்து கொடுக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் இவற்றில்தான் உள்ளன. பகல் முழுவதும் முகப்பில் நின்றுவிட்டு இரவில் சட்டம் படிப்பது சுலபமல்ல. கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போட்டவர்கள், பயிற்சி முடிந்தும் தேர்வுக்காகக் காத்திருக்கும் நிலை வருகிறது.

காத்திருப்பும் பணமும்

பட்டம் கிடைத்த மறுநாளே அரசாங்கப் பயிற்சி இடம் கிடைத்துவிடாது. இடங்களைவிடப் பட்டதாரிகள் அதிகமாக இருக்கும்போது சில மாதங்கள் காத்திருக்க நேரிடுகிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசாங்கத்தில் பயிற்சி பெறும் புதியவர்கள் ஒப்பந்த முறையில்தான் நியமிக்கப்படுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு நிரந்தரப் பதவி எல்லாருக்கும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அரசாங்க வேலைதானே, ஓய்வூதியம் வரும் என்ற பழைய நினைப்பில் கடன் வாங்குவதைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டு. ஆனால் முதல் சம்பளம் வருவதற்குள் செலவு வந்துவிடும். ஈப்போ பிள்ளைக்குச் சரவாக்கில் இடம் கிடைக்கலாம். தைப்பிங் பிள்ளைக்கு ஜொகூரில் கிடைக்கலாம். விமானச் சீட்டு, அறை வாடகை முன்பணம், மோட்டார் சைக்கிள் அல்லது காருக்கான செலவு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்துவதும் ஒரு நாள் தொடங்கும். படிப்புக்கு நான்கு ஆண்டு என்று கணக்கிடாமல், காத்திருப்பு, பயிற்சி, கட்டாயச் சேவை எல்லாம் சேர்த்து ஆறு ஆண்டுக்கு மேல் என்று கணக்கிட்டு, மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

காத்திருக்கும் மாதங்களும் வீணல்ல. சட்டப் புத்தகங்களைப் படிக்கலாம். ஆவணங்களைச் சரிசெய்யலாம். அரசாங்க நியமனத்துக்கு எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழிப் பாடத்தில் கிரெடிட் தேர்ச்சி அவசியம். அது இல்லாதவர்கள் அந்தத் தாளைத் திரும்ப எழுத இதுவே தருணம்.

தமிழ் பேசும் பயிற்சியாளரின் மதிப்பு

மருந்து லேபல் மலாயில் இருக்கும். விளக்கமும் பெரும்பாலும் மலாயில்தான். எழுபது வயதுப் பாட்டி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பேரனிடம் கேட்பார். பேரன் வேலைக்குப் போயிருந்தால் மாத்திரை நிறத்தைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார். அடுத்த மாதம் மருந்து நிறுவனம் மாறி, அதே மாத்திரை வேறு நிறத்தில் வந்தால் குழப்பம் தொடங்கும்.

தமிழ் தெரிந்த பயிற்சியாளர் இங்கே வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல. என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறீர்களா, விரத நாளில் இனிப்பு நீர் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்பார். கிளிக்லசைட் போன்ற மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கும். வார்ஃபரின் சாப்பிடுபவரிடம் முருங்கைக் கீரை எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்பார். கீரையை நிறுத்தச் சொல்ல மாட்டார். ஒரு வாரம் கட்டுக் கட்டாகச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் சிக்கல், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்பார். மூட்டுவலிக்குச் சந்தையில் வாங்கிய பொடியைக் கொண்டுவரச் சொல்லி, பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பார். பதிவு இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

இவை எந்தப் பாடநூலிலும் இந்த வரிசையில் இருப்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்து, வீட்டில் பாட்டியோடு வளர்ந்த பிள்ளைக்கு இயல்பாகவே தெரியும். பயிற்சி ஆண்டில் அந்த அறிவு மருத்துவ அறிவோடு சேரும்போது, வார்டில் இருக்கும் மற்ற இன மருந்தாளர்களும் அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்.

முழுப் பதிவுக்குப் பிறகு

பயிற்சியும் தேர்வும் முடிந்து வாரியம் திருப்தியடைந்தால் முழுப் பதிவு கிடைக்கும். அதோடு கட்டாயச் சேவை தொடங்குகிறது. தொழிலில் நீடிக்க ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகளும் தேவை. சொந்தமாக மருந்தகம் வைத்து, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை விற்க, நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் ஏ வகை உரிமம் தனியாக வாங்க வேண்டும். அரசாங்க மருத்துவமனை, மருந்தகம், தொழிற்சாலை, மருந்துப் பதிவு, அமலாக்கப் பிரிவு, விரிவுரையாளர் பணி என்று பாதைகள் பல உண்டு.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை: இது டிப்ளோமாவா, பட்டமா? இந்தப் பட்டத்தை வாரியம் அங்கீகரித்துள்ளதா? அங்கீகாரம் எந்த ஆண்டுவரை?

இறுதியாண்டில் பிள்ளையிடம் கேட்க வேண்டியவை: தற்காலிகப் பதிவுக்கான ஆவணங்கள் தயாரா? அரசாங்கமா, தனியாரா? தனியார் என்றால் அந்தக் கிளைக்கு அங்கீகாரம் உண்டா? காத்திருக்கும் மாதங்களுக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது?

பயிற்சி தொடங்கிய பிறகு கேட்க வேண்டியவை: இந்த வாரம் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டதா? சட்டத் தேர்வுக்கு எப்போது பதிவு செய்யப்போகிறாய்? சாப்பிட்டாயா?

கடைசிக் கேள்வியும் முக்கியம்தான். ஊர் தெரியாத இடத்தில், தவறு செய்துவிடுவோமோ என்ற பயத்தோடு நிற்கும் முதல் சில மாதங்களில் பல பயிற்சியாளர்கள் தளர்ந்துபோகிறார்கள். அந்தப் பயம் கெட்டதல்ல. போத்தலின் வலுவை இரண்டாம் முறை பார்க்க வைப்பது அதுதான். பயம் நிதானமாக மாறுவதற்குத்தான் சட்டம் ஓராண்டைக் கொடுத்திருக்கிறது.